ஒரு கன அடிக்கு இரண்டு குடம்

"இன்னும் எத்தனை சைபர் போடணும்?" என்று கேட்டார் நஞ்சுண்டப்பா.

அவர் வீட்டுச் சிவப்புச் சிமெண்டுத் தரையில் நான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். கையில் அவர் மனைவி ஜயம்மா கோலம் போட வைத்திருந்த சாக்குக்கட்டி. ஒன்று எழுதி, அதன் பின்னால் சைபராக வைத்துக்கொண்டே போனதில் வரிசை பீரோவின் கால்வரை வந்துவிட்டது.

"ஒன்பது. போட்டாச்சு," என்றேன்.

"இவ்ளோதானா?" என்றார். ஏமாந்துபோன மாதிரி இருந்தது அந்தக் குரல்.

முற்பகல் நேரம். ஆனால் கதவைத் தாழ் போட்டு, ஜன்னலையும் சாத்தியிருந்ததால் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. மூலையில் என் மகள் மீனா, நான்கு வயது, ஜயம்மாவின் பையனோடு சோப்பு டப்பாவை பஸ்ஸாக ஓட்டிக்கொண்டிருந்தாள். வெளியே ஒரு சத்தமும் இல்லை. ஜோகுபாளையத்தில் அந்த நேரத்துக்குக் கீரைக்காரியும் பழைய பேப்பர்காரரும் போட்டி போட்டுக் கத்துவார்கள். அன்று காக்கை கத்தியது மட்டும்தான் கேட்டது.

அது தொண்ணூற்று ஒன்றின் கடைசி. காவிரித் தண்ணீருக்காக பெங்களூரில் கலவரம். தமிழ் பேசுகிறவர்களின் கடை எரிந்தது, வீடு எரிந்தது என்று செய்தி வந்தபடி இருந்தது. நாங்கள் தமிழ்க் குடும்பம். நஞ்சுண்டப்பா மண்டியா பக்கத்துக் கிராமத்துக்காரர், கன்னடக்காரர். முந்தின நாள் காலையில் அடுகோடி பட்டறைக்கு வேலைக்குப் போன என் கணவர் செல்வம், இன்னும் வீடு திரும்பவில்லை.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் நானும் அவரும் தரையில் உட்கார்ந்து, ஒரு டி.எம்.சி. என்றால் எத்தனை குடம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.

யாருடைய காலன்?

இந்தக் கணக்கை அவர் என்னிடம் கேட்டதற்குக் காரணம் என் உத்தியோகம். சிவில் டிப்ளமோ முடித்து, கல்யாணமாகி, குடியாத்தத்திலிருந்து பெங்களூர் வந்த எனக்கு தொம்மலூரில் வேலை கிடைத்திருந்தது. பழைய ஊருக்குள்ளே, ஒரு வீட்டு மாடியில் இருந்த சின்ன ஆபீஸ். பெண்ணாக இருந்தாலும் என் பதவிக்குப் பெயர் டிராஃப்ட்ஸ்மேன்தான். தொழிற்சாலை, ஹாஸ்டல், அடுக்குமாடி வீடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டியும் குழாய்களும் வரைந்து கொடுப்போம்.

கண்டோன்மென்ட் பக்கத்துப் பழைய கட்டடங்களின் வரைபடங்கள் நிறைய வரும். துணி மாதிரி மொடமொடப்பான பழுப்புத் தாள். பிரித்தால் பூச்சிமருந்து நெடி அடிக்கும். அதில் தொட்டி அளவெல்லாம் வெள்ளைக்காரர் காலத்துக் காலனில் இருக்கும். புதிதாக அனுமதி வாங்க லிட்டரில் கொடுக்க வேண்டும். பள்ளம் தோண்டுகிற மேஸ்திரிக்கு லிட்டரும் வேண்டாம், காலனும் வேண்டாம். நீளம், அகலம், ஆழம் எத்தனை அடி என்று சொன்னால் போதும். ஒரே தொட்டித் தண்ணீரை மூன்று பாஷையில் சொல்லிக்கொண்டிருப்பதுதான் என் வேலை.

ஒரு கன அடிக்கு இருபத்தெட்டே கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேல். அதே கன அடி, ஆறே கால் காலனுக்கு ஒரு மடக்கு குறைவு. இவை எனக்கு வீட்டு விலாசம் மாதிரி மனப்பாடம்.

ஆனால் மனப்பாடமும் காலை வாரும். இது சில வருஷம் கழித்து நடந்தது. தொம்மலூரைச் சுற்றி கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைத்தபோது, அமெரிக்காவிலிருந்து ஒரு கம்பெனி தங்கள் கட்டடத்துக்குத் தொட்டி எத்தனை காலன் என்று எழுதி அனுப்பியது. நானும் வழக்கம்போல காலனுக்கு நாலரை லிட்டர் என்று பெருக்கி வரைந்து முடித்துவிட்டேன். எங்கள் முதலாளி மூர்த்தி சார் பார்த்துவிட்டு, "வசந்தா, இது யாரோட காலன்?" என்று கேட்டார். அமெரிக்கக் காலன் நம்முடைய பழைய காலனைவிடச் சிறியதாம். நாலு லிட்டர்கூட வராது. என் தொட்டி ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகிவிட்டிருந்தது. தூணெல்லாம் மறுபடி வரைய வேண்டியதாயிற்று.

அரிசியிலும் இதே கதைதான். எங்கள் ஊரில் படி. இங்கே கடையில் பாவு, சேர். நாலு பாவு சேர்ந்தால் ஒரு சேர். வந்த புதிதில் படியும் சேரும் ஒன்றென்று நினைத்து வாங்கி, மாதக் கடைசியில் அரிசி டப்பா காலியாகிவிட்டது. இந்த ஊர்க்காரர்கள் அளவில் ஏமாற்றுகிறார்கள் என்று செல்வத்திடம் புலம்பினேன். யாரும் ஏமாற்றவில்லை. எங்கள் படி பெரிது, அவ்வளவுதான்.

குழாயடியில்

ஜோகுபாளையத்தில் நாங்கள் குடியிருந்தது ஒரே காம்பவுண்டுக்குள் எட்டு வீடுகள். எட்டுக்கும் சேர்த்து ஒரு குழாய். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும். எங்கள் வீடும் நஞ்சுண்டப்பா வீடும் சுவரோடு சுவர் ஒட்டியவை. அவர் சிட்டி பஸ் டிப்போவில் மெக்கானிக். காக்கிச் சட்டையில் எப்போதும் கிரீஸ் வாடை. நல்ல மனிதர்தான், ஆனால் வாய் பெரிது.

அந்தக் கார்த்திகை மாதம் முழுக்க அவர் வாயில் டி.எம்.சி. என்ற மூன்றெழுத்துதான். தமிழ்நாட்டுக்கு இத்தனை டி.எம்.சி. விடச் சொல்லி நடுவர் மன்றம் உத்தரவு போட்டிருக்கிறது, விடக்கூடாது, அணையில் இத்தனை டி.எம்.சி.தான் இருக்கிறது. குழாயடியில் பல் தேய்த்தபடி, கிரிக்கெட் ஸ்கோர் சொல்கிற மாதிரிச் சொல்வார். நான் குடத்தை வைத்தால், "ஏன் வசந்தம்மா, அணைத் தண்ணியும் உங்களுக்கே, குழாய்த் தண்ணியும் உங்களுக்கேவா?" என்பார்.

முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. ஒருநாள், "ரெண்டு குடத்துக்கு இவ்வளவு பேச்சா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் மாறியது. "உங்களுக்கு ரெண்டு குடம். என் தம்பிக்கு அது பயிரு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு குறைந்தது.

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். குடியாத்தத்துக்கும் காவிரிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எங்களுடையது பாலாறு. அதுவும் பெயருக்கு ஆறு. நான் பார்த்த நாள் முழுக்க மணல்தான். என் வீட்டில் யாரும் காவிரித் தண்ணீரில் ஒரு நாற்று நட்டதில்லை. குழாயடியில் அவர் பேசும்போதெல்லாம் இது நாக்கு நுனிவரை வரும். ஆனால் சொன்னதில்லை. அப்படிச் சொன்னால், காவிரியை நம்பியிருக்கிற தஞ்சாவூர்க்காரனை நானே கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிற மாதிரி இருக்கும் என்று தோன்றியது.

சாத்திய கதவு

கலவரம் ஆரம்பித்த நாள் மத்தியானமே மூர்த்தி சார் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தன் மகனைத் துணைக்கு அனுப்பினார். "வழியில தமிழ்ல பேசாதீங்க. குங்குமம், பூ எதுவும் மாத்த வேண்டாம். எல்லாரும் வெச்சுக்கறதுதானே," என்றார்.

மீனா பகலில் ஜயம்மா வீட்டில்தான் இருப்பாள். அவளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக் கதவைத் திறக்கப் போனபோது நஞ்சுண்டப்பா வந்து குறுக்கே நின்றார். பஸ் ஓடாததால் அவருக்கு டிப்போவில் வேலை இல்லை. பேச்சு குறைந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

"அங்க வேண்டாம்," என்றார். "இங்க வாங்க."

"பரவால்ல அண்ணா, நாங்க உள்ள பூட்டிக்கிட்டு இருந்துக்கறோம்."

"வசந்தம்மா, இந்தத் தெருவுல யார் வீடு எதுன்னு எல்லாருக்கும் தெரியும். பேசிட்டு நிக்காதீங்க."

அவரே எங்கள் வாசலில் ஒட்டியிருந்த தமிழ்க் காலண்டர் படத்தைக் கிழிக்காமல் பதமாக உரித்து எடுத்தார். வெளியே பூட்டு போட்டார். சாவியை ஜயம்மாவிடம் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் செல்வம் வரவில்லை. அவரிடம் இருந்தது தமிழ்நாட்டு நம்பர் பிளேட் போட்ட மொபெட். அந்த நம்பரோடு சாலையில் வந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வீட்டுச் சொந்தக்காரரிடம் போன் இருந்தது. பட்டறைக்கு அடித்தால் மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. எனக்குத் தூக்கம் இல்லை. ஜயம்மாவும் தூங்கவில்லை என்பது அவள் புரண்டு படுத்ததிலிருந்து தெரிந்தது.

தரையில் போட்ட கணக்கு

மறுநாள் காலையில் ரேடியோவில் செய்தி போனது. டி.எம்.சி. என்ற சொல் மறுபடி மறுபடி வந்தது. நஞ்சுண்டப்பா ரேடியோவை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க ஆபீஸ்ல தொட்டிக் கணக்கு போடறவங்கதானே. இந்த டி.எம்.சி.ன்னா நிஜமா எவ்ளோ தண்ணி?"

"அது தெரியாமலா இத்தனை நாள் பேசினீங்க?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. சாக்குக்கட்டியை எடுத்தேன்.

"ஆயிரம் மில்லியன் கன அடி. ஒரு மில்லியன் பத்து லட்சம். ஆயிரம் பத்து லட்சம், நூறு கோடி. நூறு கோடி கன அடி."

"கன அடின்னா?"

கைகளால் காற்றில் ஒரு பெட்டி காட்டினேன். "ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். இந்தப் பெட்டி நிறையத் தண்ணி. இருபத்தெட்டு லிட்டர் சொச்சம்."

லிட்டர் அவருக்கு டீசல் கணக்கு. தண்ணீருக்கு அது ஒட்டவில்லை. நெற்றியைச் சுருக்கினார். அப்போதுதான் எனக்குத் தோன்றியது. எங்கள் காம்பவுண்டில் எல்லோரும் வைத்திருந்த பிளாஸ்டிக் குடத்தைப் பால் அளக்கும் லிட்டரால் ஒருமுறை அளந்து பார்த்திருக்கிறேன். பதினாலு லிட்டர் பிடித்தது.

"ஒரு கன அடின்னா நம்ம குடத்துல ரெண்டு குடம் அண்ணா. அப்படியே சரியா வருது. ஒரு டி.எம்.சி. இருநூறு கோடி குடம்."

அவர் தரையிலிருந்த சைபர்களைப் பார்த்தார். சைபர்கள் தந்த ஏமாற்றம் குடத்தில் போய்விட்டது. "இருநூறு கோடியா," என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "என் தம்பிக்கு ரெண்டு ஏக்கர் கரும்பு. அதுல ஒரு அடி உயரத்துக்குத் தண்ணி நிறுத்தணும்னா?" என்றார்.

ஒரு ஏக்கர் நாற்பத்து மூவாயிரத்து ஐந்நூற்று அறுபது சதுர அடி. ஒரு அடி உயரம் என்பதால் அதுவே கன அடி. இரண்டால் பெருக்கினால் ஏக்கருக்கு எண்பத்தேழாயிரம் குடம். இரண்டு ஏக்கருக்கு ஒன்றே முக்கால் லட்சம்.

அந்த எண்ணை எழுதியபோது என் கை கொஞ்சம் நின்றது. வாரத்துக்கு மூன்று நாள், நாளைக்கு எட்டுக் குடம் பிடித்து இடுப்பு ஒடிகிறவள் நான். ஒன்றே முக்கால் லட்சம் குடம், ஒரே ஒருமுறை வயலை நனைக்க. அது இல்லாமல் ஒரு மனிதன் அங்கே காய்ந்த கரும்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். குழாயடியில் நான் சொன்ன 'ரெண்டு குடம்' அவருக்கு ஏன் அப்படிச் சுட்டது என்று அப்போது விளங்கியது.

"பாத்தீங்களா," என்றார். "இதைத்தான் உங்க ஊருக்கு விடச் சொல்றாங்க."

நான் சாக்குக்கட்டியைக் கீழே வைக்கவில்லை. "தஞ்சாவூர்ல ஒரு ஏக்கருக்கும் இதே எண்பத்தேழாயிரம்தான் அண்ணா," என்றேன்.

"அவங்க மூணு போகம் எடுக்கறாங்க."

"இப்ப ஒண்ணுக்கே வழியில்லன்னு சொல்றாங்க."

"யார் சொன்னது? உங்க பேப்பர்லயா?"

"உங்க ரேடியோ மட்டும் முழுசா சொல்லுதா?"

எங்கள் குரல் உயர்ந்துவிட்டது. மீனா சோப்பு டப்பாவைப் பிடித்தபடி எங்களையே பார்த்தாள். அப்போது ஜயம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். கணவனை 'ரீ' என்றுதான் கூப்பிடுவாள். நம்முடைய 'ஏங்க' மாதிரி.

"ரீ, ரெண்டு பேருக்கும் கொஞ்சமாவது அறிவு இருக்கா? செல்வண்ணா நேத்து காலையில போனவர். உயிரோட இருக்காரான்னு தெரியல. இங்க உட்கார்ந்து அணையைப் பங்கு போடறீங்க!"

நேற்றிலிருந்து யாரும் சொல்லாத வார்த்தையை அவள் சொல்லிவிட்டாள்.

"நீங்க போய்ப் பாருங்க," என்றாள் கணவனிடம். "நம்ம ஸ்கூட்டர் கர்நாடகா வண்டிதானே. காக்கிச் சட்டை போட்டா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

"ரோட்டுல என்ன நிலைமைன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. நீங்க போகலன்னா நான் நடந்து போறேன்."

அவள் செருப்பைத் தேட ஆரம்பித்தாள். வெறும் பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை. நஞ்சுண்டப்பா எழுந்து உள்ளே போனார். காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். துவைத்து மடித்திருந்த இன்னொரு காக்கிச் சட்டையையும் ஒரு துண்டையும் பையில் திணித்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. ஸ்கூட்டரை காம்பவுண்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டுபோய்த்தான் உதைத்தார்.

பிதுக்கம்பருப்பு

கதவைச் சாத்திவிட்டு ஜயம்மா ஒரு பெரிய பேசினை என் முன்னால் வைத்தாள். ராத்திரி ஊறப்போட்ட அவரைப் பருப்பு, நம் மொச்சை மாதிரி.

"பிதுக்குங்க. கை சும்மா இருந்தா மனசு கண்டபடி ஓடும்."

குளிர்காலத்தில் பெங்களூர் முழுக்க அவரைக்காய் மணம்தான். ஊறிய பருப்பை இரண்டு விரலால் அழுத்தினால் தோலிலிருந்து பச்சையாக வழுக்கிக்கொண்டு வெளியே குதிக்கும். குடியாத்தத்தில் இதற்குப் பிதுக்கம்பருப்பு என்று பேர். அவளும் கன்னடத்தில் கிட்டத்தட்ட அதையேதான் சொல்வாள். அன்று எத்தனை பிதுக்கினேனோ, விரல் நுனி வெள்ளையாகச் சுருங்கிவிட்டது.

மத்தியானத்துக்கு மேல் தெருவில் ஆட்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. கேட்டைத் தட்டினார்கள். ஜயம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போய் கதவைப் பின்னால் சாத்தினாள். நான் மீனாவை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

ஒருவன் கன்னடத்தில் கேட்பது கேட்டது. இந்தக் காம்பவுண்டில் தமிழர்கள் எந்த வீடு?

"இருந்தாங்க. பூட்டிட்டு ஊருக்குப் போயிட்டாங்க. அதோ பூட்டு," என்றாள் ஜயம்மா.

"உள்ள யாரு?"

"என் தங்கச்சி. மைசூர்லேருந்து வந்திருக்கா. குழந்தைக்கு ஜுரம்."

அந்த நேரம் பார்த்து மீனா, "அம்மா!" என்று உரக்கக் கூப்பிட்டாள். நல்லவேளை, அந்த ஒரு வார்த்தை இரண்டு பாஷையிலும் ஒன்று. அடுத்து அவள் வாயைத் திறப்பதற்குள் ஒரு பிடி பருப்பை அவள் கையில் வைத்தேன். எண்ண ஆரம்பித்துவிட்டாள், கன்னடத்தில். ஒந்து, எரடு, மூரு. ஜயம்மாவின் பையனோடு விளையாடி அவள் முதலில் கற்றுக்கொண்ட எண்கள் அவை.

காலடிச் சத்தம் தள்ளிப் போயிற்று. ஜயம்மா உள்ளே வந்து சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தாள். நான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். குடித்துவிட்டு, "மைசூர்ல எனக்குத் தங்கச்சியே கிடையாது," என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை.

பல்வலி

வெளிச்சம் இறங்குகிற நேரத்தில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. கதவு இடுக்கில் பார்த்தேன். நஞ்சுண்டப்பா. பின்னால் காக்கிச் சட்டை போட்ட யாரோ ஒருவர், தாடையைச் சுற்றித் துண்டை இறுக்கித் தலைமேல் முடிச்சு போட்டிருந்தார். ஆள் இறங்கி நடந்தபோதுதான் அது செல்வம் என்று தெரிந்தது.

போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கையெல்லாம் இரும்புத் தூள்.

பட்டறை முதலாளி செல்வத்தையும் இன்னும் இரண்டு பேரையும் உள்ளே வைத்து ஷட்டரை இறக்கிவிட்டாராம். ரொட்டியும் தண்ணீரும் மட்டும்தான். போன் மணி அடித்ததை எடுக்கப் பயந்து எடுக்கவில்லையாம். நஞ்சுண்டப்பா ஷட்டரைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது முதலில் யாரும் திறக்கவில்லை. எங்கள் மீனா பகலில் யார் வீட்டில் இருப்பாள் என்றெல்லாம் கதவுக்கு வெளியே நின்று சொன்ன பிறகுதான் திறந்தார்களாம். மொபெட்டை அங்கேயே போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள்.

செல்வத்துக்குக் கன்னடம் தெரியும். ஆனால் முதல் வாக்கியத்திலேயே ஊர் தெரிந்துவிடும். அதற்குத்தான் துண்டு.

"ஆஸ்டின் டவுன்கிட்ட நிறுத்திட்டாங்க," என்றார் செல்வம். "கையில தடியோட பத்துப் பன்னெண்டு பேர். என்னைக் காட்டி இவன் யாருன்னாங்க. அண்ணன் உடனே என்னைத் திட்ட ஆரம்பிச்சுட்டார். 'டிப்போவுல என் ஹெல்பர். நாலு நாளா சொல்றேன், பல்லைப் பிடுங்கிக்கோன்னு. கேட்டாத்தானே! இன்னைக்குப் பாத்து டாக்டர் ஒருத்தனும் இல்ல'ன்னு சத்தம் போடறார்."

"அப்புறம்?"

"அதுல ஒருத்தன் கிட்ட வந்தான். எனக்கு அவ்வளவுதான்னு நெனச்சேன். என் முகத்தைப் பாத்துட்டு, 'லவங்கத்தை வெச்சு அழுத்திக் கடிச்சுக்கோ, ராத்திரி தூங்கிடலாம்'னான்."

நஞ்சுண்டப்பா அதற்குச் சிரிக்கவில்லை. சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, தரையில் இன்னும் அழியாமல் கிடந்த கணக்கைச் சுற்றிக்கொண்டு நடந்து போய்ச் சுவரோரம் உட்கார்ந்தார். ஜயம்மா எல்லோருக்கும் ராகி உருண்டையும் பிதுக்கம்பருப்புச் சாறும் போட்டாள். செல்வம் துண்டை அவிழ்க்க மறந்தே சாப்பிட ஆரம்பித்தார். மீனாதான் அதைப் பிடித்து இழுத்தாள்.

திரும்பி வந்த நாள்

ரயில் கொஞ்சம் ஒழுங்காக ஓட ஆரம்பித்ததும் செல்வம் எங்களைக் குடியாத்தத்துக்குக் கூட்டிப்போய்விட்டார். கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் மூட்டைகளோடு கூட்டம் கூட்டமாக நம் ஜனங்கள். பெங்களூரில் பிறந்து, வேறு ஊரே தெரியாதவர்கள்கூட அதில் இருந்தார்கள்.

ஊரில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள், இனிமேல் அங்கே போகவேண்டாம் என்று. செல்வத்துக்கு ஆம்பூரில் ஒரு வேலைகூடப் பார்த்துவிட்டார்கள். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். பல்வலியைச் சொன்னேன். என் அண்ணன் கேட்டுவிட்டு, "ஆயிரத்துல ஒருத்தன் அப்படி இருப்பான் வசந்தா. மத்த தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பது பேரோட எப்படிக் குடித்தனம் பண்ணுவே?" என்றார்.

ஆனாலும் ஆம்பூருக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. நான் வரைந்து பாதியில் விட்டுவந்த தொட்டி தொம்மலூரில் பலகைமேல் கிடந்தது. அதை வேறு யாரோ முடிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பொங்கல் முடிந்ததும் செல்வத்திடம், "நான் போறேங்க. நீங்க யோசிச்சுட்டு வாங்க," என்றேன். மூன்றாம் நாள் அவரே டிக்கெட் எடுத்து வந்தார்.

காம்பவுண்டுக்குள் நுழைந்தபோது நஞ்சுண்டப்பா ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர்களும் சங்கராந்திக்கு ஊருக்குப் போய் அன்றைக்குத்தான் திரும்பியிருந்தார்கள். ஜயம்மா ஓடிவந்து மீனாவின் வாயில் எள்ளும் வெல்லமும் கலந்த சங்கராந்திப் பண்டத்தை அள்ளிப் போட்டாள். மூட்டைகளை உள்ளே வைத்துவிட்டு வந்தேன்.

"உங்க ஊர்ல எங்களைப் பத்தி என்ன பேசிக்கிட்டாங்க?" என்றார் நஞ்சுண்டப்பா, துடைப்பதை நிறுத்தாமல்.

"திட்டினாங்க."

தலையாட்டினார். "எங்க ஊர்லயும்தான்."

"நீங்க செஞ்சதை நான் எல்லார்கிட்டயும் சொன்னேன் அண்ணா. நீங்க உங்க ஊர்ல சொன்னீங்களா?"

துணியைப் பிழிந்தார். மறுபடி நனைத்தார். "இல்ல," என்றார். "தம்பி கரும்பு பாதி காஞ்சு போச்சு. மிச்சத்தை வெட்டி மாட்டுக்குப் போட்டுட்டான். அந்த வீட்டுல உட்கார்ந்துகிட்டு எப்படிச் சொல்றது வசந்தம்மா?"

எனக்கு வருத்தமாக இருந்தது. அதே நேரம் அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்கவும் முடியவில்லை.

"நான் சொன்னேன்," என்றாள் ஜயம்மா.

நஞ்சுண்டப்பா நிமிர்ந்தார். "யார்கிட்ட?"

"உங்க தம்பிகிட்ட. நீங்க சந்தைக்குப் போயிருந்தப்ப. கேட்டைத் தட்டினது, நான் பொய் சொன்னது, நீங்க அடுகோடி போனது, எல்லாம்."

"என்ன சொன்னான்?"

"மாட்டுக்குக் கரும்பை நறுக்கிப் போட்டுக்கிட்டே இருந்தார். அப்புறம், அந்தக் குழந்தை பேர் என்னன்னு கேட்டார். மீனான்னு சொன்னேன். உகாதிக்கு வரும்போது அவங்களையும் கூட்டிக்கிட்டு வாங்க அண்ணின்னார்."

நஞ்சுண்டப்பா மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "வருவீங்களா?" என்று கேட்டார். அந்தக் குரலில் குழாயடி வீறாப்பு எதுவும் இல்லை. இல்லை என்று சொல்லிவிடுவேனோ என்ற பயம் மட்டும் இருந்தது.

அந்த வருஷம் உகாதிக்கு நாங்கள் மூன்று பேரும் மண்டியா பஸ் ஏறினோம்.